வண்டல் போட்ட புல்

எங்கள் கழனியில் நெல்லைத் தவிர வேறு பயிர் வைத்ததில்லை. இந்த வருஷம் புல் வைத்தோம். ஆடு மாடு தின்கிற புல் இல்லை, ஆள் விழுந்து புரளுகிற புல். ஏதோ ஆசிய ரக்பி போட்டியை நம் நாடு நடத்தப் போகிறதாம், சென்னைக்குப் பக்கத்தில் மைதானம் கட்டுகிறார்களாம். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுகிற ஆட்டம். அப்படி விழுவதற்குப் புல் வளர்த்துத் தர உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே கழனி தேடிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் தினகரன் முதல் ஆளாகத் தலையாட்டினார். பக்கத்துக் கழனி கிருஷ்ணசாமியும் ஒத்துக்கொண்டார்.

"அப்போ சோத்துக்கு இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"புல்லை எடுத்துக்கினு போனா, வர்ற காசுல வருஷம் பூரா அரிசி வாங்கிக்கலாம். பேஜார் பண்ணாத, வளரு," என்றார்.

இருப்பதே அந்த ஒரு கழனி. புல்லை எடுக்காமல் போனால் எங்கள் பானையில் போட ஒன்றுமில்லை. அதைச் சொன்னால் மனுஷனுக்குக் கோபம் வரும்.

புல்லை அவர் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். கிருஷ்ணசாமி மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார், அப்படி ஒரு சோம்பேறி. கோடையில் ஊரே ஏரி வண்டலை அள்ளிக் கழனிக்குப் போடும். நல்ல விவசாயி என்று பேர் வாங்கின என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? எங்கள் புல்லுக்கும் வண்டல் போட்டார். கம்பெனிக்காரர்கள் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. நானும்தான் கூடையில் சுமந்தேன்.

வண்டலோடு கோரைக் களையின் கிழங்கும் வரும். எங்களுக்குத் தெரியாததா? நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கிக் கட்டினால் கோரை உள்ளேயே அமுங்கிவிடும், அதை யாரும் சட்டை செய்வதில்லை. புல்லுக்கு அப்படித் தேக்க முடியாதே, அழுகிவிடும். மழை ஓய்ந்ததும் புல்லுக்கு மேலே கோரை தலைநீட்டியது. குனிந்து குனிந்து பிடுங்கினோம். தழை கையோடு வந்தது, கிழங்கு மண்ணிலேயே நின்றது. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் இரண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை எங்கள் கதை.

புல்லைப் பார்வையிடக் கம்பெனியிலிருந்து பிரபா என்ற பெண் வந்தாள். சின்ன வயசு. வரப்பில் நின்று பார்த்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, ஒரு கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தாள்.

"அண்ணா, மண்ணோடதான் புல்லை வெட்டி எடுப்போம். இது ஒண்ணு போனாலும் மைதானம் பூரா பரவிடும்."

"மருந்து அட்சிடறேம்மா."

"கிழங்கு சாக ரொம்ப நாளாகும். அதுக்குள்ள போட்டி வந்துடும்ணா."

"அந்த மூலைல அவ்ளோவா இல்ல. அத்த மட்டுமாவது எடுத்துக்கோ தாயி."

அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. யாரைத் திட்டுவது?

"என் கையில ஒண்ணும் இல்லக்கா," என்றாள். பிறகு வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் கழனிக்குப் போனாள். அங்கே வண்டலும் இல்லை, கோரையும் இல்லை. கிருஷ்ணசாமியின் புல் தேறிவிட்டது.

மறுநாள் காலையில் அவர் புல்லை ஏற்ற லாரி வந்து நின்றது. அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரைக் காணோம். மனசு பதறிக் கழனிக்கு ஓடினேன். எங்கள் கழனியில் ஆள் இல்லை. கிருஷ்ணசாமியின் கழனியில், கூலி ஆட்களோடு ஆளாக, வெட்டின புல்லைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கிருஷ்ணசாமி கூலிக்கு வர்றியான்னு கேட்டாரு. வந்துட்டேன். நீயும் அந்தப் பக்கம் புடி, மண்ணு உதிருது."

புடவையைச் செருகிக்கொண்டு பிடித்தேன்.