ஒன்பதாவது ஊர்

சுதாகர் எட்டு ஊர்களைப் பற்றி உண்மை எழுதினான். ஒன்பதாவது ஊரைப் பற்றி ஒரே ஒரு வரி பொய் எழுதினான். எட்டு உண்மையையும் ஒருத்தரும் சீந்தவில்லை. அந்தப் பொய்யைத்தான் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள்.

அவனுக்குச் சுரங்க ஸ்டோர்ஸில் கிளார்க் வேலை, பர்மனென்ட். சீட்டாட்டம், தண்ணி எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இணையத்தில் இருக்கிறதே, அதில் கட்டுரை எழுதுவது ஒன்றுதான் கிறுக்கு. சுரங்கத்துக்காகக் காலி செய்த ஒன்பது ஊர்களைப் பற்றி ஊருக்கு ஒன்றாக ஒன்பது கட்டுரை எழுதி, எல்லாவற்றையும் ஒரு கொத்தாகக் கட்டி மதிப்பாய்வுக்கு வைத்திருந்தான். அங்கே எழுதுகிற மற்றவர்களே வரிவரியாகச் சோதிப்பார்கள். ஒன்பதும் தேறினால் கொத்தின் தலையில் ஒரு நட்சத்திரம் ஏறும். ஒன்று சொத்தையானாலும் மொத்தமும் போச்சு.

ஒவ்வொரு கட்டுரையிலும் 'ஊர்த் தெய்வம்' என்று ஒரு பத்தி உண்டு. ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் சாமியையும் தூக்கிவந்து சுரங்க டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் வைத்தார்கள் என்பது அதில் வரும். எட்டு ஊருக்கும் கல்வெட்டு, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று ஏதோ ஒரு அத்தாட்சி கிடைத்தது. இலுப்பைமேட்டுக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்த ஊர் ஜனம் வடலூர், குறிஞ்சிப்பாடி என்று திக்குக்கு ஒன்றாகச் சிதறிப்போயிருந்தது.

இருபத்தொன்றாவது பிளாக்கில் ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகைக்குள் சின்னதாக ஒரு அம்மன் இருந்தாள். யார் கொண்டுவந்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. சுதாகர் இரண்டையும் முடிச்சுப் போட்டான். டவுன்ஷிப்பில் மனுஷனிலிருந்து மாமரம் வரை எல்லாமே எங்கிருந்தோ வந்ததுதான். எட்டு சாமி வந்திருக்கும்போது ஒன்பதாவது மட்டும் வராமலா இருந்திருக்கும்? 'இலுப்பைமேட்டு அம்மன் சிலை இருபத்தொன்றாவது பிளாக்கில் எழுந்தருளியுள்ளது' என்று எழுதினான். ஆதாரம் கேட்பார்களே என்று 'திருப்பணி மலர், பக்கம் 31' என்றும் சேர்த்தான். அப்படி ஒரு மலரை எந்த அச்சகமும் அடித்ததில்லை. பக்க எண் வரை போட்ட நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்!

ஒரு வருஷம் கழித்து மதிப்பாய்வுக்கு வந்தவர் கிருஷ்ணப்ரியா, சேலத்தில் நூலகர். அந்த அம்மாள் கண்ணுக்கு ஒரு கால்புள்ளிகூடத் தப்பாது. "எட்டுக் கட்டுரைகள் அருமை. ஒன்பதாவதில் சொல்லியுள்ள மலரின் 31ஆம் பக்கத்தைப் படமெடுத்துப் போட முடியுமா?" என்று எழுதியிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் படத்துக்கு எங்கே போவான்? வேறு ஏதாவது அகப்படுமா என்று இணையத்தைத் துழாவியபோது ஓர் ஆன்மிக மாத இதழ் அகப்பட்டது. 'இலுப்பைமேட்டு அம்மன் சிலை இருபத்தொன்றாவது பிளாக்கில் எழுந்தருளியுள்ளது.' அவன் வரியேதான், ஓர் எழுத்து மாறவில்லை. இவன் அவிழ்த்துவிட்ட பொய்யை அவர்கள் அச்சடித்துவிட்டார்கள். இனி அந்த அச்சையே ஆதாரமாகக் காட்டிவிடலாம். வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. கூடவே கோயில் படம் ஒன்றும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று, ஆடி வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வேப்பமரத்தடியில் இருபது முப்பது பேர். மூன்று அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. போனைத் தூக்கிப் படமெடுத்தவனை ஒரு அம்மாள் கூப்பிட்டாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிற திலகவதி.

"வாங்க தம்பி, நீங்களும் இலுப்பமேடா?"

"இல்லைங்கக்கா, இங்க டவுன்ஷிப்தான்."

"எங்க ஆத்தா இங்கதான் குந்திகினு இருக்கான்னு நாப்பது வருசமாத் தெரியாம பூட்டுது பாருங்க. எம் பொண்ணு மலர்கொடிதான் போன்ல படிச்சிட்டுச் சொன்னா. யாரோ புண்ணியவான் எழுதிக்கிறாரு. அவரு புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

சுதாகர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"எங்கப்பாதான் கோயில் பூசாரி," என்றாள் அவள், கரண்டியால் கிளறிக்கொண்டே. "சாவும்போது எங் கையப் புடிச்சிகினு, ஆத்தாளத் தூக்க முடியல, மண்ணுக்குள்ளயே வுட்டுட்டு வந்துட்டேன்னு அழுதாரு. கடைசி நேரத்துல பாவம், புத்தி பெசகிப் பூட்டுது. இப்பதான தெரியுது."

தொன்னையில் பொங்கலை வைத்து நீட்டினாள். நெய் மணத்தது. ஒரு வாய் தின்றுவிட்டு, மீதியைத் தொன்னையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வீட்டுக்கு வந்ததும் மாத இதழை ஆதாரமாகச் சேர்க்கவில்லை. மதிப்பாய்வுப் பக்கத்தைத் திறந்து, 'அப்படி ஒரு மலர் இல்லை. நானே இட்டுக்கட்டினேன்' என்று எழுதி, அந்த வரியையும் நீக்கினான். மறுநாள் கிருஷ்ணப்ரியாவின் பதில் வந்தது. "உங்கள் நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் இனி மற்ற எட்டிலும் ஒவ்வொரு ஆதாரத்தையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். கொத்து இப்போதைக்குத் தேறாது."

நட்சத்திரம் போனதுகூட அவனை அவ்வளவு வாட்டவில்லை. நேர்மை என்ற வார்த்தைதான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. முகம் தெரியாதவர்களிடம் புனைபெயருக்குப் பின்னால் நின்று ஒப்புக்கொள்வதில் என்ன நேர்மை? அந்தப் பக்கத்தைத் திலகவதி பார்க்கப்போவதில்லை. அடுத்த வெள்ளிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி புவனா உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கும் ஒன்றுமில்லை என்றான். அதுவும் பொய்தான்.

அடுத்த வெள்ளி வேப்பமரத்தடிக்குப் போனபோது அவள் தொன்னைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு போன்ல படிச்சத எழுதுனது நான்தான்."

"அடி ஆத்தே! நீங்களா தம்பி?" என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தவளை அவனால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"பொய்யா எழுதிட்டேங்கக்கா. இந்தச் சாமி எந்த ஊர்ச் சாமின்னு எனக்குத் தெரியாது. கட்டுரையில ஒரு எடம் காலியா இருந்துச்சு, ரொப்பிட்டேன்."

அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அப்படி ஏதாவது செய்திருந்தால் தேவலை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பொங்கல் பொங்கி வழிந்தது. குலவையிட வேண்டியவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப எங்கப்பா சொன்னதுதான் நெசமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாப்பது வூட்டு ஜனத்துகிட்ட, எங்கப்பனுக்குப் புத்தி பெசகி ஒளறுனாருன்னு நானே சொல்லிகினு திரிஞ்சேனே தம்பி." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து, "சரி, அவரு சொன்னத எழுதுங்க. எங்கப்பா பேரு சின்னதுரை. ஆத்தா மண்ணுக்குள்ளதான் இருக்கான்னு அவரு சொன்னாருன்னு போடுங்க," என்றாள்.

"அது முடியாதுங்கக்கா. வாயால சொன்னத ஏத்துக்க மாட்டாங்க. அச்சுல வந்த ஆதாரம் வேணும்."

திலகவதி அவனையே பார்த்தாள்.

"பொய்ய எழுதறப்ப அதெல்லாம் வேண்டியிருக்கலியா தம்பி?"

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.