தாரிணியின் வெளிச்சமான கூடம்

1.

இந்தக் கதை ஒரு கைக்குட்டையில் தொடங்கியது. ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் உப்பலுக்குத் திரும்பும் கம்பெனி வண்டியில், காலை வெயிலுக்குப் பயந்து கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. அவனைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், அவன் தங்கை வந்து முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

2.

தாரிணி பிறவியிலேயே ஒரு கலைஞர், அவள் விரல்களில்

[வேண்டாம். பயந்தாங்கொள்ளி என்று எழுதினால் போதும்.]

இன்டீரியர் டிசைனில் முதுகலை, கடைசி செமஸ்டர். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது, தாங்கள் குடியிருக்கும் உப்பல் வீட்டையே. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தாள் (காகிதத்தில்தான்). கிழக்கே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்தாள். "வெளிச்சம் அருமை" என்றார் வழிகாட்டி ஃபாத்திமா மேடம். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

3.

தேர்வு நாள் காலை. வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் செருப்பு மாட்டும்போது அண்ணன் பிரசன்னா வேலை முடிந்து வந்தான். வழக்கம்போல ஜன்னலில் கம்பளியை மாட்டினான், கூடத்தில் பாயை விரித்தான். அம்மா ராஜி சமையலறைக் கதவைச் சாத்தினாள். படுக்கையறையில் அவளுடைய தையல் மெஷின் பகலெல்லாம் ஓடும். அவனுக்கு வேறு இடம் கிடையாது.

தாரிணி ஒற்றைச் செருப்போடு நின்று அந்தப் பாயைப் பார்த்தாள்.

"அண்ணா, உனக்கு இடமே வைக்கலண்ணா. நீ படுக்கிற இடத்துலதான் வெயில் வர்ற மாதிரி கண்ணாடி போட்டிருக்கேன்."

"அதுக்குக் கைக்கு அழற? நான் உன் காகிதத்துலயா தூங்கப் போறேன்?" ('கைக்கு' என்றால் ஏன். ஊர் உருது அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது.)

"மாத்திட்டு அடுத்த செமஸ்டர்ல காட்டட்டுமா?"

"நக்கோ, நக்கோ, அதெல்லாம் வேணாம். நேரமாச்சு, போ."

அவன் அவசரமாகச் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவள் படிப்பு முடிகிறவரைதான் ராத்திரி ஷிப்ட் என்று அவன் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தான். இன்னொரு செமஸ்டர் என்றால் அவனுக்கு இன்னும் அரை வருஷம் இரவு கிடையாது.

4.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். (எனக்கே கூச்சமாக இருந்தது.) இன்னொன்றில் பஸ்ஸிலேயே படத்தைக் கிழிக்கிறாள். அவ்வளவு தைரியம் இருந்தால் அவள் தாரிணியே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பாலசுப்ரமணியன் படத்தை ரசித்துப் பார்த்தார். கூடத்தைப் பென்சிலால் தட்டினார்.

"பகல்ல இந்த வீட்ல யார் யார் இருப்பாங்க?"

'அம்மா மட்டும்' என்றால் பாஸ். அண்ணனுக்கு ராத்திரி திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த வீட்டில் அவன் இல்லாமல் போவான். 'அண்ணன் தூங்குவான்' என்றால் மொத்தப் படமும் தப்பு.

தாரிணி வாயைத் திறந்தாள்.

அவளுக்கு எடுத்துக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் பகுதிவரை நானும்தான் அவனுக்குப் படுக்க இடம் வைக்கவில்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். உப்பலில் அவன் இப்போதுதான் கண்ணயர்ந்தான்.