கண்ணை மூடச் சொன்ன வகுப்பு

மூட்டை ஏற்றும் பெல்ட் இயந்திரம் வரப்போகிறது என்று கிடங்கு முழுக்கப் பேச்சு. மாற்று வேலைக்கு எழுத்தில் உறுதி தராமல் அது வாசலைத் தாண்டக் கூடாது, லாரி வந்தால் கேட்டுக்குக் குறுக்கே நிற்பது என்று நாங்கள் பதினான்கு பேரும் முடிவெடுத்திருந்தோம்.

இது மேலாளர் காதுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை காலை எங்களைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். வாழ்க்கையில் பெரிய மாற்றம் வந்தால் மனம் உடையாமல் தாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஒருவர் வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. முப்பது வருஷம் மூட்டை சுமந்தவனுக்குத் தாங்கும் சக்தி போதாதாம். சொன்னவர், தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் என் மனைவியின் தம்பியிடம் நீட்டினார்.

பிறகு கண்ணை மூடச் சொன்னார். ஆற்றங்கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்து, நிறுத்தி, விட வேண்டும்.

வெளியே லாரி உறுமியது. ஒரு கண்ணைத் திறந்தேன். தார்ப்பாய் போர்த்திய இயந்திரம் கேட்டைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மச்சானை முழங்கையால் இடித்தேன்.

"சும்மா இரு மாமா. இப்பத்தான் தண்ணியில கால வச்சேன்."

கேட்டை மறிக்க வேண்டிய பதினான்கு பேரும் ஆற்றங்கரையில் நின்றோம்.

கால் மணி நேரத்தில் மேலாளரே வந்தார். இயந்திரத்தை இறக்கப் பத்து ஆளாவது வேண்டுமாம். கிரேனுக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். மதியத்துக்குள் இறக்காவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவேன் என்கிறாராம் லாரிக்காரர்.

யாரும் எழவில்லை. எங்களோடு உட்கார்ந்திருந்த மேஸ்திரி மட்டும் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"பாதியில எழுந்தா மனசு கெட்டுப்போயிடும் சார். வாத்தியார்தான் சொன்னாரு."

வாத்தியார் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் தன் வகுப்பின் மதிப்பு என்னாவது? ஆமாம் என்று தலையாட்டினார்.

மேலாளர் என் பக்கம் குனிந்து, என்னதான் வேண்டும் என்றார்.

"எழுதிக் குடுங்க சார். பதினாலு பேரு பேரும் போட்டு."

எழுதப் போனார். திரும்பி வரும்வரை ஒருவரும் கண் திறக்கவில்லை. இரண்டு பேர் நிஜமாகவே குறட்டை விட்டார்கள்.

காகிதத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். பன்னிரண்டு பெயர்தான். வாயைத் திறந்து பேசிய மேஸ்திரியும் நானும் இல்லை. அதைச் சத்தமாகச் சொன்னேன்.

பன்னிரண்டு பேரும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். முதலில் மூடியவன் என் மச்சான்.