பாதி ரோலுடன் வந்த எஸ்தர்

பழைய ஃபிலிம் கேமராவை வாங்குகிறவர், அதை விற்றவரையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். உள்ளே ஏற்றியிருக்கும் ரோல் முடிகிறவரை அவர் அங்கேயே தங்குவார். ரோலின் முன்பகுதி விற்றவருடையது, பின்பகுதி வாங்கியவருடையது. ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து வெட்டிப் பிரிக்க முடியாது என்பதால் ஆட்களையும் பிரிப்பதில்லை. கோயம்புத்தூரில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேறு ஊர்களில் எப்படியென்று நான் விசாரித்ததில்லை.

எங்கள் புகைப்பட கிளப்பின் தலைவர் வீட்டு மாடியறையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பல வருடங்களாக இருக்கிறார். தலைவர் சிக்கனமானவர், ஃபிலிமை வீணாக்க மாட்டார். தாசில்தாரும் அவசரப்படுத்துகிற ஆள் இல்லை. மொட்டை மாடியில் அவர் போட்ட கத்தரிக்காயை நாங்கள் கிளப் கூட்டங்களில் சாப்பிட்டிருக்கிறோம்.

நான் ஆர்.எஸ். புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பெயர் சதானந்தம். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்பியவன் என்று என்னைப் பற்றி நானே கூட்டங்களில் சொல்லிக்கொள்வேன். என்னிடம் ஏற்கெனவே நல்ல டிஜிட்டல் கேமரா இருந்தது. அதில் எடுத்த படங்களைக் கிளப்பில் காட்டும்போதெல்லாம் உறுப்பினர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டு, என்ன கேமரா என்று மட்டும் கேட்பார்கள். வேறொன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் குறை கேமராவில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன்.

பெரிய ஃபிலிமில் எடுக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று போத்தனூரில் விலைக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. செங்கல் அளவு, செங்கல் கனம். ஒரு ரோலுக்குப் பத்தே படம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனால் படங்களைக் காட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. மறுநாளே போத்தனூருக்குப் போனேன்.

விற்றவர் எஸ்தர் ராஜாத்தி. ஐம்பதைத் தாண்டியவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நான் போகும்போதே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். கேமராவை என் கையில் கொடுத்து, அதன் ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்க்கச் சொன்னார்.

“நான் ரெண்டா தெரியறனா சார்? லென்ஸைத் திருப்புங்க. ரெண்டும் ஒண்ணா வந்து உட்கார்ந்துட்டா ஃபோகஸ் சரி. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க.”

திருப்பினேன். இரண்டு எஸ்தர்களும் மெதுவாக நகர்ந்து ஒருவராக உட்கார்ந்தார்கள். பார்க்கிற ஜன்னல் மேலே தனியாகவும் படம் பிடிக்கிற லென்ஸ் கீழே தனியாகவும் இருந்தன. எந்தக் கேமராவிலும் உலகம் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. நான்கு படங்களை அவர் எடுத்திருந்தார், மிச்சம் ஆறும் என்னுடையவை. வீட்டைப் பூட்டிவிட்டு, தன் பயிற்சிக் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

என் மனைவி ரேணுகா அறையைப் பெருக்கி, புதுத் தலையணை உறை போட்டு வைத்திருந்தாள். எத்தனை படம் பாக்கி என்று கேட்டாள். சொன்னேன். அப்படியென்றால் இரண்டு நாளா, இரண்டு மாதமா என்று கேட்டாள். இரண்டே நாள் என்றேன். அவள் சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவை நிரப்பி வைத்தாள்.

டிஜிட்டல் கேமராவில் பல் துலக்குகிற நேரத்துக்குள் நாற்பது படம் எடுக்கிறவன் நான். இந்தக் கேமராவில் என்னால் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. எதைப் பார்த்தாலும் ஆறில் ஒன்றைச் செலவழிக்கும் தகுதி அதற்கு இல்லை என்று பட்டது. காலையில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஊர் முழுவதையும் நிராகரித்துவிட்டு, மாலையில் திரும்பி வருவேன்.

வீட்டுக்குள் எடுக்கலாம் என்றால் எஸ்தரின் கால் தடுத்தது. நான் கேமராவைக் கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தப் போகிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். பிரேக் போடுகிற தொழில் பழக்கம். உடனே நான் நின்றுவிடுவேன். ஹாலில் ஓடுகிற மின்விசிறியும் நின்றுவிடும். அவர் காலை எடுத்த பிறகு நானும் மின்விசிறியும் மறுபடி தொடங்குவோம். மிக்ஸியை அது பாதிக்கவில்லை என்பதால் ரேணுகா ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் டிரைவிங் ஸ்கூல் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. கற்றுக்கொள்கிறவர்கள் காலையில் வந்து கேட்டில் நிற்பார்கள். ரேணுகா அவர்களுக்குக் காபி கொடுப்பாள். ஒருநாள் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது காபி கொடுக்க யாரும் இல்லை. கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது ரேணுகா.

இரவுச் சாப்பாட்டின்போது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

“இத்தனை வருஷமா ஸ்கூட்டர்ல உங்க முதுகையே பார்த்துட்டு வந்தாச்சுங்க. ரோட்டைப் பார்க்கணும்னு இருக்கு.”

என் முதுகைப் பற்றி அதுவரை எனக்குக் குறை எதுவும் வந்ததில்லை. எஸ்தர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குள் கிளப்பின் ஆண்டுக் கண்காட்சி நெருங்கியது. பெரிய ஃபிலிமில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டு வரப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இனித் தாமதிக்க முடியாது என்று, எஸ்தர் உடன் வராத நேரமாகப் பார்த்து அடுத்தடுத்து எடுத்துத் தீர்த்தேன். மூடிக்கிடந்த நூல் மில்லின் புகைபோக்கியை ஒரு சோம்பேறி மேகம் தொடும்வரை காத்திருந்து எடுத்தேன். மருதமலை அடிவாரத்தில் ஒரு மயில் எனக்கு முதுகு காட்டி நின்றது, அதையும் எடுத்தேன். இடிந்த சுவரில் சாய்ந்த சைக்கிள் கிளப்பில் எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லாமல் இருந்தது. அதனால் சுவரை ஒருமுறை சைக்கிளுடனும், சைக்கிள்காரர் வந்து எடுத்துக்கொண்டு போன பிறகு ஒருமுறை சைக்கிள் இல்லாமலும் எடுத்தேன். பிறகு என் கடையின் பெரிய கண்ணாடி முன்னால் நின்று, கேமராவுடன் இருக்கிற என்னையே ஒரு படம் எடுத்தேன். அப்போது கண்ணாடியில் நான் கேமராவைக் கவனிக்கவில்லை, என்னைத்தான் கவனித்தேன். தாடை நன்றாக விழ வேண்டுமே என்று தலையைச் சற்று உயர்த்திக்கொண்டேன்.

ஒரு படம் மிஞ்சியது. காரில் உட்கார்ந்திருக்கும் ரேணுகாவை எடுப்பதென்று தீர்மானித்தேன். எளிய பெண்மணி, இயந்திரம், காலை வெளிச்சம் என்று கிளப்பில் பேசுவதற்கான வாக்கியங்கள்கூட மனதில் தயாராகிவிட்டன.

ரேணுகா வேண்டாம் என்றாள். அவளுக்கு டிரைவிங் டெஸ்ட் கண்காட்சி தொடங்கிய பிறகுதான் வந்தது. கடைசிப் படத்தை எடுத்துவிட்டால் எஸ்தர் அக்கா போத்தனூருக்குப் போய்விடுவார், பாதியில் விட்டால் தனக்கு மறுபடி கிளட்ச் பிடிபடாது என்றாள். கண்காட்சி வருடத்துக்கு ஒருமுறைதான் என்றேன். தனக்கு இதுவரை எந்த வருடத்திலும் ஒருமுறைகூட எதுவும் வந்ததில்லை என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான்தான் உயர்த்தினேன்.

மறுநாள் காலையில் காருக்கு முன்னால் போய் நின்று, கேமராவின் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். இரண்டு ரேணுகாக்கள் தெரிந்தார்கள். லென்ஸைத் திருப்பினேன். ஒருத்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். மற்றவள் நகர்ந்து நகர்ந்து அருகில் வந்து, தொடுகிற நேரத்தில் நின்று, திரும்பிப் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். லென்ஸை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்கள் சேரவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றேன். கேமரா கெட்டுவிட்டதா என்று எஸ்தரிடம் கேட்டேன்.

“கேமரா நல்லாத்தான் சார் இருக்கு. அவங்க வரணும்ல.”

அன்று மாலை கிளப் தலைவரைப் பார்த்து, படம் தயாராகவில்லை என்று சொன்னேன். அவர் பெருந்தன்மையாக, சுவரில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் ஆணியை மட்டும் அடித்து வைப்பதாகச் சொன்னார். குனியமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி தொடங்கியது. என் ஆணிக்கு நல்ல வரவேற்பு. அதற்கு முன்னால் பலர் நின்று பார்த்தார்கள். சதானந்தத்திடம் இவ்வளவு அடக்கத்தை எதிர்பார்க்கவில்லை என்று பொருளாளர் என் கையைக் குலுக்கினார். எடுத்த எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்து ரேணுகாவிடம் சொன்னேன். அவள் ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்ட் அன்று காலை இரண்டு பேரும் காரில் போனார்கள். நான் கடைக்குப் போகவில்லை. கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்துக் கார் தெருமுனையில் தெரிந்தது. எஸ்தர் அங்கேயே இறங்கிக்கொண்டார். ரேணுகா தனியாக ஓட்டி வந்தாள். அவள் பாஸாகிவிட்டாள் என்பது கார் திரும்பிய விதத்திலேயே தெரிந்தது. நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். லென்ஸைத் தொடக்கூட இல்லை. இரண்டு ரேணுகாக்களும் ஒரே சீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். தெருமுனையில் நின்ற எஸ்தரின் கால் அசையவில்லை.

ரோலைக் கழுவக் கொடுத்த இடத்தில், கடைக்காரர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அது முழுக்க ஒன்றுமில்லாமல், சுத்தமாக இருந்தது. லென்ஸின் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கிறீர்கள் என்றார். இந்த வகைக் கேமராவில் ஜன்னல் தனி என்பதால் மூடி இருப்பது எடுப்பவருக்குத் தெரியாது, கண்ணாடி முன்னால் நின்று எடுத்தால் மட்டும் தெரியும் என்றார். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பதை அவரிடம் சொல்லவில்லை. பத்தையும் பிரிண்ட் போடச் சொன்னேன்.

பத்துக் கறுப்புப் படங்களைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தோம். முதல் நான்கை எஸ்தர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரும் மூடியோடுதான் எடுத்திருந்தார். மூன்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நான்காவதைக் கையில் எடுத்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். அது அவருடைய கணவர் அந்தோணிசாமி என்று அப்போதுதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று வாசலில் நிற்க வைத்து எடுத்தது. அதற்குப் பிறகு ஐந்தாவது படத்தை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. அதை எடுக்காமல் நான்காவதைப் பார்க்கவும் வழியில்லை. அதனால்தான் கேமராவை விற்றார்.

நான் ஊரை நிராகரித்துக்கொண்டு திரிந்த நாட்களிலெல்லாம் அவர் அந்த ஒரு படத்துக்காக எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மயிலை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

“நல்லா விழுந்திருக்கார்” என்றார் எஸ்தர். “சட்டை பொத்தான் மாத்திப் போட்டிருக்கார். அன்னைக்கு நான் கவனிக்கலை.”

ரேணுகா எட்டிப் பார்த்தாள். ஆமாம் அக்கா, மாற்றித்தான் போட்டிருக்கிறார் என்றாள்.

மறுநாள் ரேணுகாவே ஓட்டிப்போய் எஸ்தரைப் போத்தனூரில் விட்டுவிட்டு வந்தாள். காரைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூலின் ஆர்.எஸ். புரம் கிளையை இனி அவள் பார்த்துக்கொள்வதாக இரண்டு பேருக்கும் எப்போதோ பேச்சாகியிருந்தது. எங்கள் வாசல்தான் அந்தக் கிளை.

கண்காட்சியின் கடைசி நாளன்று, ரேணுகாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு என் ஆணியில் மாட்டினேன். கறுப்பு நன்றாக வந்திருந்தது. தலைவர் பின்னால் நகர்ந்து, முன்னால் வந்து, ஃபோகஸ் கொஞ்சம் தப்பியிருக்கிறது என்றார். கார் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றார் பொருளாளர். ஆணி இருந்தபோது இந்த இடம் நன்றாக இருந்தது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். தலைவருடன் வந்திருந்த தாசில்தார் மட்டும், நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். என்ன கேமரா என்று யாரும் கேட்கவில்லை.

ரேணுகா படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள்.

“மூஞ்சில பயம் தெரியுதுங்க” என்றாள்.

நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். பயம் இல்லை, அது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது என்றேன். அவள் மறுபடி பார்த்தாள். அப்படித்தான் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். இந்தக் கேமராவைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

படத்தைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். ரேணுகா ஓட்டினாள். உக்கடத்தை நெருங்கும்போது முன்னால் வண்டிகளெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றிருந்தன. மேம்பாலம் பெரிய குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வெயில் நாள், அதற்கும் தாகம் இருந்திருக்கும். ரேணுகா கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கண்ணாடியை இறக்கினாள். காற்று குளுமையாக வந்தது. கொஞ்ச நேரத்தில் மேம்பாலம் நிமிர்ந்து, தூண்களை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு, தன் இடத்தில் வந்து நின்றது. ஈரம் சொட்டுகிறவரை காத்திருந்துவிட்டு ரேணுகா முதல் கியரைப் போட்டாள்.