பாடப் புத்தகத்துக்கு ஏர் பிடித்தவர்

ஒன்றாம் வகுப்புப் புத்தகத்துக்குப் படம் போடுகிறவனுக்குக் கண் வேண்டாமா? அதுவரை எங்கள் கீழ்வேளூர்ப் பிள்ளைகள் படித்த புத்தகத்தில் உழவன் தொப்பி போட்டிருந்தான். ஏரைக் குதிரை இழுத்தது. எந்தச் சீமையில் வாங்கிய அச்சுக்கட்டையோ! பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரசாங்கம் புதிதாக வண்ணப் படங்களோடு புத்தகம் போடப்போகிறது, உழவுப் படம் ஒன்று வரைந்து அனுப்புங்கள் என்று டிராயிங் மாஸ்டரான என்னைக் கேட்டார்கள். கண்ணால் பார்க்காத எதையும் வரைவதில்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

வரப்பில் உட்கார்ந்தேன். எதிரே தங்கையன் உழுதுகொண்டிருந்தார். கோவிந்தராசு மிராசுதாரின் நிலத்தைத் தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்கிற மனிதர். மாடு, மீசை, சேறு எல்லாம் அச்சு அசலாகப் படத்தில் வந்துவிட்டன.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்த நேரம் அது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு ஆளை லேசில் இறக்க முடியாது. மிராசுதாரோ ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தவரில்லை. தானே ஏர் பிடித்துச் சொந்தச் சாகுபடி செய்வதாக மனுவும் போட்டுவிட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பெயர் ஏறாவிட்டால் தங்கையன் வீட்டில் அடுத்த போகத்துக்கு உலை கொதிக்காது.

இந்த லட்சணத்தில் டீக்கடை அப்துல் மஜீது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சர்க்கார் புத்தகத்திலேயே ஒருத்தன் அந்த வயலில் ஏர் பிடித்து நின்றால், அதைவிடப் பெரிய சாட்சி எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாளே தங்கையனின் மனைவி ராஜாத்தி வந்து நின்றது. படத்தில் எல்லைக்கல் நன்றாகத் தெரிய வேண்டுமாம். புருஷன் கன்னத்து மருவையும் விட்டுவிடக் கூடாதாம்.

அந்த அம்மாள் போன கையோடு மிராசுதார் வந்தார். தங்கையனை அழித்துவிட்டு அந்த இடத்தில் தன்னைப் போடச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்.

"பாக்காததை வரைய மாட்டேங்க. நீங்க ஏர் புடிங்க, வரையிறேன்."

அத்தோடு தொலைவார் என்று நினைத்தேன். மனுஷன் சரி என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஊரே வரப்பில் நின்றது. சலவை வேட்டி, விரலில் மோதிரம், பண்ணை மாடுகள் சகிதம் மிராசுதார் இறங்கினார். அழுத்தினால் ஏர் சேற்றில் புதைந்தது. தளர்த்தினால் கொழு மண்ணைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாடுகள் நின்று திரும்பிப் பார்த்தன. மூன்றாவது சாலில் மாடு ஒரு பக்கம், ஏர் ஒரு பக்கம், மிராசுதார் குப்புற. சிரித்தாலும் வம்பு, அழுதாலும் வம்பு என்று தங்கையன் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். நான் தொந்தி, மோதிரம், மீசைச் சேறு எதையும் விடாமல் வரைந்தேன்.

விசாரணைக்குத் தாசில்தார் ஊர்ச் சாவடிக்கு வந்தார். இரண்டு கட்சியும் என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தது, கூத்தைப் பாருங்கள்! இரண்டு படத்தையும் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் புத்தகத்துப் படத்தை வைத்துப் பதிவு போட முடியாது என்று தள்ளிவிட்டார். தங்கையன் உழுததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அன்றைக்கு அவன் கூலிக்கு வந்தவன் என்றார் மிராசுதார். தங்கையனின் முகம் செத்துப்போயிற்று.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். மிராசுதார் உட்கார முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிவதைக் கவனித்து, உடம்புக்கு என்ன என்று மரியாதைக்கு விசாரித்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று மிராசுதார் காத்திருந்தார் போல.

"எல்லாம் இந்த டிராயிங் மாஸ்டரால வந்த வினைங்க. ஒரு காலைதான் ஏர் புடிச்சேன், இடுப்பே வுட்டுப்போச்சு. இந்தத் தொல்லை நமக்கு வேணாம்னுதானே எங்கப்பா காலத்துலயே இவங்களுக்குக் குத்தகைக்கு வுட்டது!"

பக்கத்தில் நின்ற அவருடைய காரியஸ்தர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு சொல் விடாமல் அப்படியே எழுதிக்கொள்ளும்படி தாசில்தார் குமாஸ்தாவிடம் சொன்னார். ராஜாத்தி வாய்விட்டு அழுதது. தங்கையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மிராசுதார் மட்டும் ஒன்றும் புரியாமல் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏன் சார், இப்ப நான் என்ன பொய்யா சொல்லிட்டேன்?"