மூன்றாவது பிழை

ஜப்பான்காரர்களின் விளையாட்டுகள் விற்பனைக்கு வருமுன் அவற்றில் பிழை தேட, தேனியில் ஒரு மாடி அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சிம்ரன். ஒசாகாவின் ஹினோகாவா ஸ்டூடியோ செய்த புது விளையாட்டில் அவள் சோதிக்க விழுந்தது திராட்சைத் தோட்டப் பகுதி.

பிழையல்லாததைப் பிழையென்று மூன்று முறை எழுதினால் வேலை போகும். இரண்டு ஆகிவிட்டது. அப்பா படுத்துவிட்டதால் வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

மூன்றாவதை எழுதி அனுப்பாமல் வைத்திருந்தாள். மேற்பார்வை பார்க்கும் பிரின்ஸ் குனிந்து படித்தான்: "மருந்தடித்த அன்றே விவசாயி சட்டையில்லாமல் பந்தலுக்குள் போகிறான். பழம் பறித்துத் தின்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை."

"இது பிழையா?"

"ஆமாண்ணே."

"ஏ கிறுக்கி, அது பொம்ம. ஜப்பான்காரவுக என்ன நெனப்பாக?"

"மலையில இருந்து விழுந்தா சாகுறான்ல? தண்ணியில முங்குனாலும் சாகுறான். இதுக்கு மட்டும் ஏன் சாகல?"

பிரின்ஸ் தலையைச் சொறிந்தான். "அழிச்சிட்டு வேற பாரு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் அப்பா முத்துவீரன் ஓடைப்பட்டியில் மருந்தடிக்கிறவர். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் குழாயை அண்ணாந்து பிடிக்க வேண்டும். பாதி மருந்து முகத்தில் இறங்கும். அப்படி அடிக்கும்போதே விழுந்தவர், நாலு நாளாக ஆஸ்பத்திரியில் எச்சில் வடியக் கிடக்கிறார். சேர்க்க வந்த தோட்டத்துச் சொந்தக்காரர் ஈஸ்வரபாண்டி, "குடிச்சிட்டு விழுந்துட்டான்" என்றார். சீட்டில் அதையே எழுதிக்கொண்டார்கள். அப்பா குடிக்கிறவர் இல்லை என்று அவள் சொன்னதை ஒருவரும் எழுதவில்லை.

சிம்ரன் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் பதில் வந்தது. "இது நாங்கள் வேண்டுமென்றே வைத்தது. பிழை அல்ல. எங்கள் தோட்டத்தில் யாரும் நோயில் விழ மாட்டார்கள். உங்கள் உழைப்புக்கு மிக்க நன்றி."

"சொன்னேன்ல," என்றான் பிரின்ஸ். அவள் முகத்தைப் பார்க்காமல் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டான்.

திங்கள்கிழமை ஈஸ்வரபாண்டி அவள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். இறங்கவில்லை.

"எலையில செவட்ட நோய் விழுந்துருச்சு. இன்னைக்கு அடிக்கலேன்னா குலை குலையாப் போயிரும். ஆள் கெடைக்கல. நீ வர்றியா?"

"மூஞ்சிக்கு எதாச்சும் குடுப்பீகளா?"

"துண்டக் கட்டிக்க, ஆத்தா. ஒங்கப்பன் வேற எதக் கட்டுனான்?"

சிம்ரன் துப்பட்டாவை மூக்கைச் சுற்றி இறுக்கினாள். பந்தலுக்குள் போய்க் குழாயைத் தூக்கிப் பிடித்தாள். மோட்டார் ஓடத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள், மூடினால் இலை தெரியவில்லை. திறந்தாள்.