தங்க விளிம்புப் பல்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, நான் வாயைத் திறந்துகொண்டு ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தபோது என் காதில் விழுந்தது. எங்கள் ஒரூரோ நகரில் சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிறதே, டாக்டர் நெல்வா அராண்சிபியாவின் பல் ஆஸ்பத்திரி, அங்கேதான். என் கடைவாய்ப் பல்லின் வேரைக் குடைந்தபடியே அவர் செனோன் என்ற வாத்தியக்காரரைப் பற்றிப் பேசினார். விளக்கைப் பிடித்திருந்த அவர் கணவர் ரோலோ நடுநடுவே திருத்தினார். மூன்று வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்திய பல் அது. மறுநாள் சூப்பைச் சூடாகக் குடித்தபோது வலிக்கவில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

நன்றி சொல்லப் போனேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். நீங்க கதை எழுதுறவர்தானே? எங்களைப் பத்தி நல்லவிதமா ஒண்ணு எழுதுங்க. எல்லாக் கதையிலயும் பல் டாக்டர்னா ராட்சசிதான்" என்றார்.

எழுதுகிறேன், அம்மா. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2.

"கார்னிவல் சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. மலைக்கு மேல் வானம் ஈய நிறத்தில்..."

இந்த வரியை அடித்துவிட்டேன். பல் வலிக்கிறவன் எங்கே வானத்தைப் பார்ப்பான்?

"செனோன் கோல்கே அழுதுகொண்டே உள்ளே வந்தார்."

இதுவும் பொய். மனிதர் சிரித்துக்கொண்டுதான் வந்தார். வலது கன்னத்தில், வெற்றிலை போல எங்கள் ஊரில் மெல்லும் கோக்கா இலை உருண்டை எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. ஐம்பத்திரண்டு வயது. பேண்டு வாத்தியக் குழுவில் முதல் டிரம்பெட் அவர்தான். மகள் நிமோனியாவில் படுத்துப் பிழைத்தெழுந்ததற்காக, மூன்று வருஷம் கார்னிவல் திருவிழா ஊர்வலத்தில் வாசிப்பதாக, சுரங்கத் தொழிலாளிகளைக் காக்கும் சுரங்க மாதாவிடம் நேர்ந்திருந்தார். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது நெருங்கும்போது முன்பல்லில் வலி வந்து சேர்ந்தது. முன்பல் போனால் உதட்டுக்குத் தாங்கல் கிடையாது. அப்புறம் டிரம்பெட்டைச் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான்.

3.

"இதான் டாக்டரம்மா. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன், இதேதான்" என்று ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார் செனோன். அதற்குப் பக்கத்துப் பல்லைச் சுற்றித் தங்க விளிம்பு மின்னியது. கல்யாணத்துக்காகப் போட்டுக்கொண்டது.

நெல்வா அவர் காட்டிய பல்லைத் தட்டினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

தங்கப் பல்லைத் தட்டினார். "இது?"

"இதுவும் இல்ல."

பனிக்கட்டியை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பல்லும் பரம சாதுவாக இருந்தன.

"எத்தனை நாளா இலையை இப்படி வாயிலயே அடக்கி வச்சிருக்கீங்க, அண்ணே?"

"மெல்லுறது எப்பவும் உண்டு. இப்படி வச்சிக்கிறது வலி வந்ததுலேர்ந்துதான். பத்து நாளு இருக்கும். பல்லுக்கு மேலயே வச்சிக்கிறேன், சுகமா இருக்கு."

"அதான் வாய் மொத்தமும் மரத்துக் கிடக்கு. இந்த வாயை நம்பி நான் ஓட்டை போட மாட்டேன்."

"நான்தான் காட்டுறேனே! என் பல்லு, எனக்குத் தெரியாதா?"

"ஏன் அண்ணே," என்றார் ரோலோ, "தங்கப் பல்லுன்னு சொன்னா வீட்டுக்காரம்மா அடிப்பாங்களோ?"

செனோன் அவரை முறைத்த முறைப்பில் விளக்கு ஆடியதாம். (ரோலோ சொன்னது. ரோலோ எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.)

"நாளைக்கு வாங்க," என்றார் நெல்வா. "இலை கூடாது. வலியை அப்படியே கொண்டு வாங்க. டிரம்பெட்டையும் எடுத்துட்டு வாங்க."

4.

ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் பிரதியில் நெல்வா செனோன் பேச்சைக் கேட்டு, காட்டிய பல்லையே குடைந்துவிடுகிறார். கதைக்கு நல்ல விறுவிறுப்பு. எழுதி முடித்து ஒரு வால்நட்டைக் கடித்தேன். அவர் காப்பாற்றிக் கொடுத்த பல்லால்தான் கடித்தேன். வெட்கமாகிவிட்டது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். செனோன் வீட்டுக்குப் போய் இலைப் பையை மனைவி ஃபெலிசாவிடம் கொடுத்து, "ஒளிச்சு வை, நான் கெஞ்சினாலும் தராதே" என்றார். மதியத்துக்குள் வலி திரும்பியது. கெஞ்சினார். அவள் தரவில்லை. (வாழ்நாள் முழுக்க இலை மென்ற மனிதர் ஒரு நாள் முழுக்க அது இல்லாமல் இருந்திருப்பாரா என்று எனக்கே சந்தேகம். ஃபெலிசாவைத் தெரிந்தவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள்.) வலி கண்வரை ஏறியதில், எந்தப் பல் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மாதாவிடம் போய் என்ன முகத்தோடு நிற்பது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

மறுநாள் காலையில் சிரிக்காமல் வந்தார்.

"ஊதுங்க," என்றார் நெல்வா.

"இங்கயா?"

"இங்கதான். கீழேருந்து மேல போங்க."

நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊதினார். கீழே சுகமாகப் போனது. மேலே ஏற ஏறக் கண் சுருங்கியது. உச்சத்தைத் தொட்டதும் டிரம்பெட் மடியில் விழ, கை தானாகப் பறந்து போய்த் தங்கப் பல்லைப் பிடித்தது.

"ஐயோ... இதுவா?"

நெல்வா லேசாகத் தட்டினார். செனோன் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார்.

"தங்கத்தைக் கழட்டணுமா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"பின்பக்கமாப் போறேன். முன்னாடி உங்க கல்யாணம் அப்படியே இருக்கும்."

ஒன்றரை மணி நேரம். நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்தார். ஊசி போட்டு மரத்த உதட்டோடு செனோன் ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. நெல்வாவின் கையை மட்டும் விடவில்லை.

"சனிக்கிழமை வாசிங்க. ஆனா உச்சஸ்தாயி வேணாம். அதைப் பக்கத்துல நிக்கிறவர் ஊதட்டும். அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு வாங்க, மீதி வேலையை முடிச்சிடலாம். சரியா?"

"சத்தியமா" என்றார். இது மட்டும் புரிந்தது.

5.

என் பல்லைக் குடைந்த அந்த வாரமே, சனிக்கிழமை, நானும் டாக்டரோடும் ரோலோவோடும் ஊர்வலத் தெருவோரப் படிக்கட்டில் நின்றேன். செனோன் ஏழு மணி நேரமாக வாசித்துக்கொண்டு வந்தார். மாதா கோயிலுக்கு இன்னும் இரண்டு தெரு. எங்கள் ஊர் பேண்டுக்காரர்கள் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் வாயால் சொல்வதில்லை. அவர் முன்னால் நின்று 'டியானா' என்ற குட்டி மெட்டை வாசிப்பார்கள். அது கடைசியில் ஒரே ஓர் உச்சஸ்தாயியில் போய் நிற்கும்.

பேண்டு எங்கள் முன் நின்றது. செனோன் தொப்பியைக் கழற்றிவிட்டு டிரம்பெட்டைத் தூக்கினார். டியானா தொடங்கியது.

நெல்வா விரலை நீட்டி, வேண்டாம் என்று ஆட்டினார். "மேல போனாருன்னா, புதன்கிழமை ஊசி போடாமலே குடையுறேன் பாரு!"

"அழுதுகிட்டே திட்டாதே, நெல்வா" என்றார் ரோலோ.

மெட்டு கடைசி அடிக்கு வந்தது. செனோன் டிரம்பெட்டை இறக்கி நெஞ்சில் கையை...

அல்லது: செனோன் கண்ணை மூடி, மூச்சை இழுத்து...

நான் அங்கேதான் நின்றேன். எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னபடி அடங்கினால் அது நன்றி. அவருக்காகவே அந்த உச்சஸ்தாயியை ஊதினால் அதுவும் நன்றி. ஒன்றை எழுதினால் மற்றதை நன்றிகெட்டதாக ஆக்கிவிடுகிறேன். எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் சரி, அந்தப் பல்லை மட்டும் கொஞ்சம் பார்த்து. புதன்கிழமை பத்து மணிக்கு அது வேண்டும்.